பூச்சிமணல்

சங்கைப் பார்க்காத தமிழர் இருக்க மாட்டார். உயிரோடு இருக்கும் சங்கைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். பூசை மாடத்தில் பால்வெள்ளையாய் வீற்றிருப்பது, சாவு வீட்டு வாசலில் சேகண்டியோடு சேர்ந்து ஊதப்படுவது, கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுவது எல்லாமே அந்த உயிர் செத்த பிறகு சதையைச் சுரண்டி, மேல்தோலை உரித்து, தேய்த்து மெருகேற்றிய மிச்சம். மெல்லுடலிகள் என்று பாடப்புத்தகம் பெயர் சூட்டியிருக்கிறது. ஆனால் அந்த மெல்லுடலைத் தவிர மற்றதெல்லாம் நமக்குத் தெரியும்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடலின் அடியில் அதே சங்கு வேறு ஆள். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு மணல் தரைக்கு இறங்கினால், முதலில் கண்ணில் படுவது எதுவுமில்லை. சங்கின்மேல் தவிட்டு நிறத்தில் ஒரு தோல் மூடியிருக்கிறது, அதன்மேல் பாசி, பாதி உடம்பு மணலுக்குள். கல் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். கொஞ்ச நேரம் ஓரிடத்திலேயே நின்றால் அந்தக் கல் நகர்ந்திருப்பது தெரியும். வெண்மையும் வழவழப்பும் சங்கின் குணங்கள் என்று நினைத்துவிட்டோம். அவை பட்டறையின் குணங்கள்.

சோழி இதற்கு நேர் எதிர். பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் உருட்டிய சோழியின் பளபளப்பை யாரும் தேய்த்து உண்டாக்கவில்லை, அது உயிரோடிருக்கும்போதே அப்படித்தான். ஆனால் கடலுக்கடியில் அந்தப் பளபளப்பையும் பார்க்க முடியாது. மேன்டில் எனப்படும் தசைப்போர்வையை இரண்டு பக்கமும் மேலேற்றி, ஓட்டை முழுக்க மூடிக்கொண்டு சோழி ஊர்கிறது. அந்தப் போர்வையில் சின்னச் சின்னக் கிளைகளாய்ச் சதை முளைத்திருக்கும். தொட்டால் போர்வை மெல்ல உள்ளே இழுபடும். அதுவரை ஒளிந்திருந்த ஓடு அப்போதுதான் மின்னும். ஓட்டைச் சுரந்து வளர்ப்பதும், பாசியோ சிப்பியோ அதில் ஒட்டவிடாமல் காப்பதும் அந்தச் சதைதான்.

ஐவிரல் சங்கைக் கடைகளில் பெயர் பொறித்து விற்கிறார்கள். உயிரோடு அது பாசி படிந்த ஒரு கட்டி. ஆனால் ஓட்டின் விளிம்பிலுள்ள ஒரு வளைவின் வழியே நீண்ட காம்பின் நுனியில் ஒரு கண் வெளியே வரும்; இன்னொன்று பக்கத்திலேயே எட்டிப் பார்க்கும். வளையம் வளையமாய் நிறம் தீட்டிய, கருவிழியோடு கூடிய கண்கள். நாம் அதைப் பார்க்கிறோமா, அது நம்மைப் பார்க்கிறதா என்று ஒரு கணம் குழம்பும். கடைச் சங்கில் அந்த வளைவு மட்டும் மிச்சம் இருக்கிறது. அது எதற்கு என்று வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்கிறவருக்கும் அது அழகுக்கான வெட்டு.

ஓட்டை வைத்து உயிரை அறிவது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை, அறிவியலும் அப்படித்தான் தொடங்கியது. 1758இல் லின்னேயசு தன் உயிர் வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில் முதுகெலும்பும் காலும் இல்லாத உயிர்களை எல்லாம் ‘வெர்மெசு’ என்ற ஒரே வகுப்பில் அடைத்தார். புழுக்கள் என்று பொருள். அதற்குள் அவர் பிரித்த விதம்தான் கவனிக்க வேண்டியது. ஓடுள்ளவை ஒரு பக்கம், ஓடில்லாதவை இன்னொரு பக்கம். சுண்ணாம்புக் குழாய் கட்டி வாழும் உண்மையான புழு, ஓடு இருப்பதால் சங்கோடும் சிப்பியோடும் போய்ச் சேர்ந்தது. ஓடில்லாத நத்தைகள் கடற்புழுக்களோடும் நட்சத்திர மீனோடும் ஒரே வரிசையில் நின்றன. 1795இல் உடற்கூற்றியலாளர் கூவியே உடலை அறுத்து நரம்பையும் இதயத்தையும் பார்த்த பிறகுதான் இந்தக் கலவை கலையத் தொடங்கியது. அவரும் பின்னால் ஒரு பிசகு செய்தார்: உடல் வளையம் வளையமாய் இருப்பதை வைத்து மண்புழுவைப் பூச்சிகளோடு சேர்த்தார். 1990களின் மரபணு ஒப்பீடுகள் அதைத் திருத்தி, புழுவைப் பூச்சியிடமிருந்து பிரித்து நத்தையின் பக்கம் கொண்டுவந்து வைத்தன. லின்னேயசின் பெட்டி முற்றிலும் தவறில்லை என்று ஆகிவிட்டது. காரணம்தான் வேறு.

அந்தக் காரணம் கண்ணுக்குத் தெரியாத அளவுடையது. கடற்புழுக்கள் பலவும், மெல்லுடலிகள் பலவும் முட்டையிலிருந்து வெளியேறும்போது ஒரே உருவில் இருக்கின்றன. டிரோக்கோஃபோர் என்று பெயர். ஒரு துளி உடம்பு, இடுப்பைச் சுற்றி நுண்மயிர் வளையம், அந்த மயிரின் அசைவில் சுழன்றபடியே நீந்தும். வளரத் தொடங்கியதும் ஒன்று உடலை வளையங்களாய்ப் பெருக்கிக்கொண்டு புழுவாகிறது, மற்றது முதுகில் ஓட்டைச் சுரந்து சிப்பியோ நத்தையோ ஆகிறது. சங்கு இந்தக் கட்டத்தை முட்டையுறைக்குள்ளேயே முடித்துவிடுகிறது. ஆட்டுக்கடா கொம்புபோல் முறுக்கிய அந்த உறையின் ஒரு முனை மணலில் நட்டிருக்கும். அதிலிருந்து குட்டிச் சங்குகளாகவே ஊர்ந்து வெளியேறும்.

முத்துப் பார்களும் பவளத் திட்டுகளும் உள்ள இந்தக் கடலில் புழுவைப் பார்க்க அதிகத் தேடல் வேண்டாம். குன்றுபோல் உருண்ட பவளப் பாறை ஒன்றின்முன் நிலைத்து நின்றால் போதும். பாறையெங்கும் விரல்நுனி உயரத்தில் ஜோடி ஜோடியாய்ச் சுருள் கோபுரங்கள். கிறித்துமசு மரப்புழு என்று முக்குளிப்பவர்கள் அழைக்கும் பாலிகீட் வகைக் கடற்புழு இது. ஐந்தாறு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் சிவப்பை விழுங்கிவிடுவதால் பல கோபுரங்கள் கறுத்துத் தெரியும். டார்ச் அடித்தால் குங்குமம், மஞ்சள், நீலம் எல்லாம் திரும்பி வரும். கையின் நிழல் விழுந்த நொடியில் அத்தனையும் மறைந்து பாறை மொட்டையாகிவிடும். அந்தச் சுருள்கள் புழுவின் செவுள். உணவைப் பிடிக்கும் கையும் அதுவே. ஒளி மங்குவதை உணரும் கண்களும் அதில்தான். உடலின் பெரும்பகுதி பாறைக்குள் ஒரு சுண்ணாம்புக் குழாயில் இருக்கிறது. குஞ்சாக வந்து உயிருள்ள பவளத்தின்மேல் அமர்ந்த நாளில் தொடங்கிய குழாய் அது. பவளம் வளர வளரக் குழாயையும் சூழ்ந்து வளர்கிறது. பல பத்தாண்டுகள் அந்த ஒரே இடத்தில் இருந்துவிட்டு அந்தப் புழு செத்துப்போகும்.

புழுவுக்கு ஓடு உண்டு என்றால் நத்தைக்குப் புழுவின் உடம்பு உண்டு. வெர்மெட்டிட் என்ற நத்தை இளமையில் ஒழுங்காய்ச் சுருள் ஓடு கட்டுகிறது. பாறையில் ஒட்டிய பிறகு சுருளை மறந்து, தாறுமாறான குழாயாய் நீண்டுகொண்டே போகிறது. குழாய்ப்புழுவையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அனுபவசாலியும் தடுமாறுவார். மரக்கலங்களை உளுக்கவைக்கும் கப்பல்புழு இன்னும் ஒரு படி மேல். அது புழுவே இல்லை, நீண்டு மெலிந்த சிப்பி. இரண்டு ஓடுகளும் தலைமாட்டில் சிறு அரங்களாய்ச் சுருங்கி மரத்தைச் சுரண்டுகின்றன, பின்னால் குடைந்த வளையைச் சுண்ணாம்பால் பூசிக்கொண்டே போகிறது. பொறியாளர் மார்க் பிரூனல் அதைப் பார்த்துத்தான் சுரங்கம் தோண்டும் கவசத்துக்கு 1818இல் காப்புரிமை பெற்றார் என்பார்கள். தேம்சு ஆற்றுக்கடியில் அவர் வெட்டிய சுரங்கம் 1843இல் திறந்தது. இந்தக் கடலிலுள்ள குருசடைத் தீவின் மணலில் வாழும் பலனோகிளாசசு என்னும் புழுவோ இதையெல்லாம் தாண்டியது. விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாய்ப் படம் வரைந்து மனப்பாடம் செய்த அந்தப் புழு, உறவு வரிசையில் மண்புழுவைவிட நமக்கு நெருக்கம்.

வெளித்தோற்றம் இவ்வளவு ஏமாற்றும் என்றால் எதை வைத்துப் பிரிப்பது? முக்குளிப்பவர்களுக்கு அன்றாடம் வரும் கேள்வி இது. பாறையின் விளிம்பில் ஊதா நிறத்தில் ஆரஞ்சுக் கரை போட்ட ஒன்று ஊர்கிறது. தட்டைப்புழுவா, நுடிபிராங்க் எனப்படும் ஓடில்லாக் கடல்நத்தையா? நத்தைக்கு உடல் தடித்திருக்கும், தலையில் இரண்டு கொம்பு, பல வகைகளுக்கு முதுகின் பின்பக்கம் பூப்போல் விரிந்த செவுள். புழுவுக்குச் செவுளே இல்லை. தோல் முழுக்க மூச்சு விடுகிறது. அதனால்தான் வெற்றிலைபோல் மெலிந்து, பாறையின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் படிந்தே ஊர்கிறது. கலைத்தால் விளிம்பை அலையலையாய் அசைத்து நீந்தியும் விடும். நிறம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றாய் இருப்பது தற்செயல் இல்லை. நுடிபிராங்கின் சதையில் மீனுக்கு ஒவ்வாத நஞ்சு உண்டு, நிறம் அதற்கான எச்சரிக்கை. பல தட்டைப்புழுக்கள் அந்த எச்சரிக்கையை அப்படியே பூண்டுகொள்கின்றன.

நுடிபிராங்க் தன் நஞ்சையும் பெரும்பாலும் கடன் வாங்கியே வைத்திருக்கிறது. கடற்பஞ்சைத் தின்று அதன் வேதிப்பொருளைத் தோலில் சேர்த்துக்கொள்ளும் வகைகள் உண்டு. ஹைட்ராய்டு போன்ற கொட்டும் உயிர்களைத் தின்று, அவற்றின் கொட்டும் செல்களை வெடிக்காமல் குடலின் வழியே நகர்த்தி, தன் முதுகு முட்களின் நுனியில் கொண்டுபோய் அடுக்கி வைத்துக்கொள்ளும் வகைகளும் உண்டு. குஞ்சுப் பருவத்தில் நுடிபிராங்குக்கும் ஓடு இருக்கிறது. உருமாறும்போது அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறது. ஓடு பாரம், ஓடு சுரக்கச் செலவு, ஓடு இருந்தால் குறுகிய சந்தில் நுழைய முடியாது. ஆனால் ஓட்டை விடுவதற்குமுன் வேறொரு காப்பு கையில் இருக்க வேண்டும். பேய்க்கணவாய் அந்தக் காப்பை மூளையிலும் நிறம் மாற்றும் தோலிலும் தேடிக்கொண்டது. கணவாய் ஓட்டை உள்ளே இழுத்து மிதவையாக்கிக்கொண்டது. கரையில் ஒதுங்கும் கடல்நுரை அதுதான்.

உடலை விடுகிற நத்தையும் இருக்கிறது. எலிசியா என்ற பச்சைக் கடல்நத்தை, தான் தின்னும் பாசியின் பசுங்கணிகங்களை உயிரோடு எடுத்துத் தன் செல்களில் வைத்துக்கொள்ளும் இனம். அதில் இரண்டு வகைகள் தலையை மட்டும் அறுத்துக்கொண்டு இதயத்தோடு சேர்ந்த மொத்த உடலையும் விட்டு நகர்ந்துவிடுவதை ஜப்பானின் நாரா மகளிர் பல்கலைக்கழகத்தில் சயாகா மிட்டோவும் யோயிச்சி யூசாவும் கண்டு 2021இல் எழுதினார்கள். ஒரு வாரத்தில் இதயம் திரும்ப முளைக்கத் தொடங்குகிறது. மூன்று வாரத்தில் முழு உடல். உடலில் எது நிலைத்தது, எது உதிரக்கூடியது என்று நாம் வைத்திருக்கும் கணக்கு இங்கே செல்லாது.

இத்தனை இருந்தும் இவை விட்டுச்செல்லும் தடம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நுடிபிராங்கின் புதைபடிவம் என்று எடுத்துக் காட்ட ஏதுமில்லை. சங்குகளும் சிப்பிகளும் கல்லாகி மலை மலையாய்க் கிடக்க, மெல்லிய உடல்கள் அபூர்வமாகவே கல்லில் பதிகின்றன. கனடாவில் பர்கசு ஷேல் என்ற பாறையில் 1909இல் சார்லசு வால்காட் அப்படி ஒரு அபூர்வத்தைக் கண்டார். ஏறத்தாழ 50 கோடி ஆண்டுப் பழமையான அந்தச் சேற்றுப் பாறையில் விவாக்சியா என்று ஒரு சிறு உயிர்: செதில் போர்த்திய முதுகு, மேலே இரண்டு வரிசை முள். வால்காட் அதைப் பாலிகீட் புழு என்றார். பின்னால் வந்தவர்களில் சிலர் மெல்லுடலியின் உறவு என்றார்கள். வேறு சிலர் மறுபடி புழு என்றார்கள். பிறகு அதன் வாயிலிருந்த பல்வரிசையை வைத்து மெல்லுடலியின் பக்கமே சாய்ந்தார்கள். நூறாண்டு வழக்கு. இரண்டு குடும்பமும் கிளை பிரிந்த காலத்துக்கு அருகில் நிற்கும் ஒருவரை எந்த வீட்டாள் என்று கேட்டால் பதில் சுலபமாய் வராது.

நம் கடலிலும் அந்த இரண்டு குடும்பத்தின் உறவுதான் ஒரு பெரிய வியாபாரத்தையே தாங்கி நின்றது. சென்னை மாகாண அரசு முத்தையும் சங்கையும் தன் ஏகபோகமாய் வைத்திருந்த காலத்தில் அதற்குப் பொறுப்பாக இருந்த ஜேம்சு ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். வங்காளத்துப் பெண்களின் வளையலுக்காக இந்தக் கரையிலிருந்து போன சங்கின் கதை அதில் விரிவாக இருக்கிறது. கூடவே ஒரு சிறு செய்தியும்: சங்கின் இரை புழு. மணலில் குழாய் கட்டி வாழும் பாலிகீட்டுகளைத் தேடித்தான் அது ஊர்கிறது. சங்கு குளிப்பவர்களுக்கு இதை யாரும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. புழு மண்டிய மென்மணல் தரையைப் பூச்சிமணல் என்று அவர்கள் அழைத்தார்கள். கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்கியவர்களுக்கு அடியில் கிடைத்தது கொஞ்ச நேரம். அதில் சங்கைத் தேடி அலைய முடியாது. தரையைத் தெரிந்துகொண்டால் சங்கு தானாகக் கிடைக்கும். கோயிலில் ஊதும் புனிதத்தின் உடம்பு, நாம் முகம் சுளிக்கும் புழுவால் ஆனது.

முத்தின் கதையிலும் புழு வந்து போனது. மன்னார்க் கடலின் முத்துப் பார்கள் ஏன் திடீர் திடீரென்று வெறுமையாகின்றன என்று ஆராய வில்லியம் ஹெர்ட்மேன் 1902இல் இலங்கைக்கு வந்தார். ஹார்னெல் அவருடைய உதவியாளர். சிப்பியின் சதைக்குள் நாடாப்புழுவின் குஞ்சுகளை ஏராளமாய்க் கண்டவர்கள், நல்ல முத்தின் நடுவே இருப்பது அந்தப் புழுவின் பிணம்தான் என்று முடிவுக்கு வந்தார்கள். சிப்பி தன்னை அரித்த புழுவை ஒளியில் பொதிந்து புதைக்கிறது என்ற அந்த எண்ணம் கவித்துவமானது, அதனால் வேகமாய்ப் பரவியது. அதே கடலின் முத்துக்களை மறுபடி அறுத்துப் பார்த்த லிஸ்டர் ஜேம்சன் பெரும்பாலானவற்றில் புழுவைக் காணவில்லை. முத்தை உண்டாக்குவது மேன்டிலின் செல்கள். அவை இடம் பிசகிச் சதைக்குள் ஆழ்ந்து ஒரு பையாகி, ஓட்டுக்குள் பூச வேண்டிய மினுக்கத்தை அந்தப் பைக்குள் பூசத் தொடங்கினால் முத்து. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி இந்தியாவின் வளர்ப்பு முத்தை எடுத்தது இந்த அறிவின் வழியேதான். ஒரு சிப்பியின் மேன்டிலில் சிறு துண்டை வெட்டி, ஒரு மணியோடு சேர்த்து இன்னொரு சிப்பிக்குள் வைப்பது. விலைமதிப்பற்றது என்று நாம் சொல்லும் பொருளின் மூலப்பொருள் ஒரு நறுக்குச் சதை.

முக்குளிப்பதால் நமக்குப் புதிதாய்க் கிடைத்தது இதுதான் என்று நினைக்கிறேன்: சதையை அதன் இடத்தில் பார்க்கும் வாய்ப்பு. அருங்காட்சியகம் ஓட்டை மட்டுமே பாதுகாக்க முடியும். ஃபார்மலினில் போட்ட நுடிபிராங்க் நிறம் வெளுத்துச் சூம்பிப்போகும். கிறித்துமசு மரப்புழு கூழாகத் தொங்கும். எடுத்து வரவே முடியாதவற்றைப் போய்த்தான் பார்க்க வேண்டும். புகைப்படம் இங்கே கொஞ்சம் உதவுகிறது, கொஞ்சம் கெடுக்கவும் செய்கிறது. அழகான நுடிபிராங்குகள் படமாகின்றன. அவற்றுக்காகவே இந்தோனேசியாவின் லெம்பே நீரிணைக்குச் சேற்றைப் பார்க்கப் பணம் கட்டிப் போகிறார்கள். மணலில் புதைந்த சாம்பல் நிறப் பாலிகீட்டை யாரும் படமெடுப்பதில்லை. ஓடு இருந்த இடத்தில் நிறம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒதுக்கப்பட்டது அதே புழு.

சட்டத்தின் கண்ணும் ஓட்டைத்தான் பார்க்கிறது. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் நாட்டிலசு, ராட்சதச் சிப்பி போன்ற மெல்லுடலிகளைச் சேர்த்தார்கள். விற்கப்படுகிறவை அவை, ஆகவே காக்க வேண்டியவையும் அவை, அதில் தவறில்லை. சங்குக்கு இன்னும் பழைய விதி ஒன்று உண்டு. இரண்டேகால் அங்குல விட்டத்துக்குக் குறைந்த சங்கைப் பிடிக்கக்கூடாது, கடலிலேயே திரும்ப விட வேண்டும். மில்லிமீட்டரில் 57. நல்ல விதிதான். ஆனால் திரும்ப விடப்பட்ட அந்தக் குட்டிச் சங்கு வளர என்ன தின்னும் என்ற கேள்வி விதியில் இல்லை. இழுவை மடியின் சங்கிலியும் பலகையும் கடல்தரையை உழுதுகொண்டு போகும்போது முதலில் சிதைவது மேல் மணலில் குழாய் கட்டி வாழ்பவை. மடியில் ஏறாததால் அவை எந்தத் துறைமுகத்தின் எடைக்கணக்கிலும் வருவதில்லை. கணக்கில் இல்லாததன் இழப்பும் கணக்கில் இல்லை. பத்தாண்டு கழித்து ‘சங்கு குறைந்துவிட்டது’ என்று மட்டும் எழுதுவோம்.

சங்கைக் காக்க வேண்டுமென்றால் தரையிலிருந்து தொடங்க வேண்டும். எந்தத் திட்டில் எவ்வளவு புழு, எந்த மாதத்தில் கூடுகிறது, மடி போன பிறகு எத்தனை நாளில் திரும்புகிறது என்று மணலைச் சலித்து எண்ணும் வேலை அது. அழகில்லாத வேலை, படமாக எடுத்துக் காட்டவும் ஒன்றுமில்லை. ஆனால் மூச்சைப் பிடித்து இறங்கிய பழைய குளியாளர் கடலடியில் முதலில் படித்தது அந்த மணலைத்தான். ஒரு மணி நேரக் காற்றோடு இறங்கும் நமக்கு அதைப் படிக்க நேரமில்லை என்று சொல்ல முடியாது.